பழகுநரும் பயிற்றுநரும்: மும்பைத் தமிழ்ச் சூழலில் பள்ளிக் கலைக்கல்வி குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

பள்ளிக் கல்வியில் கலைக்கு இடம் வேண்டும் என்பதை இன்று மறுப்பார் இலர். அவ்விடத்தை யாரைக் கொண்டு நிரப்புவது என்பதில்தான் கருத்து வேறுபாடு எழுகிறது. தேர்ந்த கலைஞர் நாள்தோறும் பள்ளிக்கு வருவதற்கில்லை; பாட ஆசிரியர் எல்லாரும் கலை பயின்றவர் அல்லர். ஆகவே, கலை பயின்றுகொண்டிருக்கும் இளைஞரை ஊதியம் தந்து பள்ளியில் அமர்த்தி, ஆசிரியர்க்குத் துணையாகவும் மாணவர்க்கு வழிகாட்டியாகவும் பணியாற்றச் செய்யலாம் என்னும் கருத்து உருவாயிற்று. இங்கிலாந்தில் 1999இல் கென் ராபின்சன் தலைமையிலான குழு அளித்த அறிக்கைக்குப் பின், 2002இல் தொடங்கிய 'கிரியேட்டிவ் பார்ட்னர்ஷிப்ஸ்' திட்டம் கலைஞரைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. 2008இல் கலைத்துறைக்கெனத் தனிப் பழகுநர் பயிற்சியும் அங்கு ஏற்பட்டது. முன்னைய திட்டம் அரசு நிதி நின்றதால் 2011இல் முடிவுற்றது.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்பு மாணவர் புத்தகப்பை இல்லாத 10 நாள்களில் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் முதலிய உள்ளூர் வல்லுநரிடம் பழக வேண்டும் என்கிறது. இதில் மாணவர் கலைஞரை நாடிச் செல்கிறார். இளங்கலைஞர் பள்ளியை நாடி வருவது இதன் மறுதலை. மும்பையில் தமிழர் செறிந்து வாழும் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் இம்மறுதலைக்கு வேண்டிய கூறுகள் பல தனித்தனியே காணப்படுகின்றன. அவை ஒன்றுசேரவில்லை. ஒன்றுசேராமைக்கு உரிய காரணங்களையும், அவற்றுள் மொழிக்குரிய பங்கினையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

ஒரு பணியைக் குறிக்கும் சொல் அப்பணியின் மதிப்பையும் தீர்மானிக்கிறது. 'அப்ரண்டிஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் வழங்கும் நிகரன்கள் பல. நாளிதழ்த் தமிழில் பெரிதும் வழங்குவது 'பயிற்சியாளர்'. இச்சொல் பயிற்சி தருபவரையும் குறிக்கும், பெறுபவரையும் குறிக்கும். 'கிரிக்கெட் அணியின் பயிற்சியாளர்' என்னுமிடத்தில் கற்பிப்பவர் சுட்டப்படுகிறார். 'பயிற்சியாளர் பணியிடங்கள்' என்னும் விளம்பரத்தில் கற்பவர் சுட்டப்படுகிறார். மொழிபெயர்ப்பாளர்க்கு இடர் தரும் இந்த இருபொருண்மை, கலைப் பழகுநரின் உண்மை நிலையை ஒருவகையில் சரியாகவே காட்டுகிறது. அவர் ஒரே நேரத்தில் கற்பவராகவும் கற்பிப்பவராகவும் இருக்கிறார்.

ஆயினும் சட்டத்திற்கும் நிர்வாகத்திற்கும் இருபொருண்மை உதவாது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழில் குறிக்கும்போது 'தொழிற்பழகுநர்' என்னும் சொல் ஆளப்படுகிறது. 'பழகு' என்னும் வினை பயிற்சியையும் உறவையும் ஒருங்கே உணர்த்துவது. தொழிலைப் பழகலாம், மனிதரோடும் பழகலாம். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று ஓவியத்தையும் மொழியையும் பழக்கத்தின் விளைவு என்றே கூறுகிறது. 'எடுபிடி', 'கையாள்' ஆகிய வழக்குச் சொற்களில் இவ்விரு பொருளும் இல்லை. ஏவல் மட்டுமே அவற்றில் உண்டு.

மும்பைச் சூழலில் பிற மொழிச் சொற்களும் நோக்கத்தக்கன. இந்தியில் சட்டச்சொல் 'சிக்ஷு'; கற்பவர் என்பது அதன் பொருள். மராத்தியில் 'சிகாவூ உமேத்வார்' என்பர். 'உமேத்' என்பது நம்பிக்கையைக் குறிக்கும் பாரசீகச் சொல். எனவே உமேத்வார் என்பவர் நம்பிக்கையோடு காத்திருப்பவர். மும்பையில் வேலை தேடும் தமிழிளைஞர் ஒருவர் தமிழில் பழகுநர், இந்தியில் கற்பவர், மராத்தியில் காத்திருப்பவர் ஆகிறார். தாராவியின் இளங்கலைஞர் நிலைக்கு மூன்றாம் சொல்லே மிகவும் பொருந்துவதாக இருக்கிறது என்பது வருந்தத்தக்கது.

நன்னூற் கணக்கு

கற்பித்தலால் கற்றல் நிறைவுறும் என்னும் கருத்து தமிழுக்குப் புதியதன்று. 13ஆம் நூற்றாண்டினதாகிய நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கனின் கல்வியைப் பின்னக் கணக்காகக் கூறுகிறது. ஆசிரியர் உரைத்ததை முழுதும் உளங்கொண்டாலும் கால் பங்கு புலமையே வாய்க்கும். உடன் பயில்வாரோடு பழகுவதால் பிறிதொரு கால் பங்கு சேரும். எஞ்சிய அரைப் பங்கு, பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் மட்டுமே கிட்டும்.

பழகுநர் திட்டத்தை ஆதரிப்போர்க்கு இதனினும் வலிய சான்று வேண்டா. ஆயின் இக்கணக்கை மறுபுறமிருந்தும் பார்த்தல் வேண்டும். பவணந்தியார் கூறுவது கற்பிப்பவன் அடையும் பயனை. கேட்கும் சிறுவர் அடையும் பயன் அதில் பேசப்படவில்லை. அரைப் புலமை உடையவர் கற்பித்தால் தம் புலமையை நிறைவுசெய்துகொள்வார். அவரிடம் கற்கும் சிறுவர்க்குக் கிடைப்பது அரையின் காலாகவும் அமையலாம். முதற் கால் பங்கைத் தரும் ஆசான் தொடர்ந்து அருகில் இருந்தால்தான் இக்குறை நீங்கும். ஆசான் இன்றிப் பழகுநர் இல்லை. பழகுநர் திட்டங்கள் அனைத்தையும் மதிப்பிடுவதற்குரிய முதல் அளவுகோல் இதுவே.

மாதுங்கா மரபு

ஆசானும் பழகுநரும் சேர்ந்தியங்கும் முறை மும்பைத் தமிழரிடையே முன்பே உண்டு. 1945இல் மாதுங்காவில் தோன்றிய ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர், திருவிடைமருதூர்க் குப்பையாப் பிள்ளை வழிவந்த நட்டுவனார் மரபை மும்பையில் நிலைபெறச் செய்தது. அருகில் 1952இல் தோற்றம்பெற்ற சண்முகானந்த சபையும் செம்பூரின் நுண்கலைச் சங்கமும் இசைக்கும் நடனத்திற்கும் களம் அமைத்தன. சண்முகானந்த அரங்கு 1963இல் திறக்கப்பட்டு, 1990இல் தீக்கிரையாகி, 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஓர் அரங்கை இழந்தபின் மீட்டெடுக்கும் வலிமை இச்சமூகத்துக்கு இருந்தது என்பதற்கு அது சான்று.

நட்டுவனார் மரபில் மூத்த மாணாக்கர் ஆசானின் அருகமர்ந்து தட்டுக்கழி பிடிப்பர்; சொல்லுக்கட்டு உரைப்பர்; இளையோர்க்கு அடவுகளைத் திருத்துவர். ஆடல் கற்றவர் பாடலும் தாளமும் மிருதங்கச் சொற்களும் அறிந்த பின்னரே நட்டுவாங்கத்திற்கு உரியவராவர். நன்னூற் கணக்கின் மூன்று கூறுகளும் ஒரே கூடத்தில் நிகழ்ந்தன எனலாம்.

இம்மரபின் குறையும் வெளிப்படையானதே. அது கட்டணமும் ஓய்வும் உடைய குடும்பங்களின் பிள்ளைகளுக்கே பெரிதும் பயன்பட்டது. மாதுங்காவையும் தாராவியையும் பிரிப்பது ஓர் இருப்புப்பாதைதான். இருபுறத்தாரும் தமிழரே. எனினும் ஒருபுறத்துச் சொல்லுக்கட்டு மறுபுறத்துப் பள்ளிச் சிறுவரின் செவிக்கு எட்டவில்லை. சாதியும் வகுப்பும் வகுத்த எல்லையை மொழியொருமை கடந்துவிடவில்லை என்பதை மும்பைத் தமிழர் வரலாறு எழுதுவோர் மறைத்தலாகாது.

தாராவி முயற்சிகள்

திருநெல்வேலிப் பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதிமுதல் குடிபெயர்ந்த தோல் தொழிலாளரும் பிறரும் உருவாக்கிய தமிழ்க் குடியிருப்புகள் தாராவியின் பழமையான பகுதிகளுள் அடங்கும். இங்கு கடந்த 20 ஆண்டுகளுக்குள் தோன்றிய கலை முயற்சிகளுள் மூன்று ஈண்டு கருதத்தக்கன.

முதலாவது, ஏக்கார்ன் அறக்கட்டளை சார்ந்த 'தாராவி ராக்ஸ்' இசைக்குழு. குப்பை பொறுக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் கழித்துப்போட்ட பீப்பாய்களையும் பிளாஸ்டிக் கலங்களையும் தாளக் கருவிகளாக்கினர். இரண்டாவது, ஸ்நேகா என்னும் தொண்டு நிறுவனம் 2015இல் நடத்திய தாராவி பினாலே. உடல்நலம் குறித்த செய்திகளை, அப்பகுதி மக்கள் தேர்ந்த கலைஞரின் வழிகாட்டலில் கலைப்பொருள்களாக ஆக்கினர். மூன்றாவது, அதே 2015இல் தொடங்கிய 'தாராவி டிரீம் பிராஜெக்ட்' நடத்தும் ஹிப்ஹாப் பள்ளி. ராப், பீட்பாக்ஸ், பிரேக் நடனம், சுவரோவியம் ஆகியன இங்குக் கட்டணமின்றிக் கற்பிக்கப்பட்டன. கற்பித்தவருள் பலர் அதே தெருக்களில் வளர்ந்த இளைஞர். கற்றவர் பின்னர்க் கற்பிப்போராயினர். இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே 'ஸ்லம்காட்ஸ்' குழுவினர் சிறுவர்க்குப் பிரேக் நடனம் கற்பித்து வழி காட்டியிருந்தனர்.

இவற்றுள் பழகுநர் முறைக்கு மிக நெருங்கியது மூன்றாவது. அதன் வெற்றியை ஐயுற இயலாது. தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழுவினர் 2018இல் வெளிவந்த 'காலா' திரைப்படத்தின் பாடல்களில் பங்கேற்றமை, தெருவில் பழகிய கலை தமிழ்த் திரையுலகின் மையத்தை எட்டியதைக் காட்டுகிறது. ஆயினும் அந்நிறுவனம் தனக்கு இட்டுக்கொண்ட ஆங்கிலப் பெயர் 'பள்ளிக்குப் பின்னரான பள்ளி' என்னும் பொருளது. பள்ளிமணி அடித்த பிறகே கலை தொடங்குகிறது என்பது அப்பெயரின் உட்கிடை. பள்ளிக்குள் செந்தமிழ், வெளியே தெருத்தமிழ். உள்ளே பாடநூல், வெளியே கலை. இப்பிளவைப் பெயரே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. மாநகராட்சிப் பள்ளியின் தமிழாசிரியரும் அதே தெருவின் ராப் இளைஞரும் ஒரே சிறுவனுக்குக் கற்பிக்கிறார்கள். ஒருவர் கற்பிப்பது மற்றவர் கற்பிப்பதைத் தொடுவதற்கு ஏற்பாடு ஏதும் இல்லை.

மொழிநிலை

இருவரும் சந்தித்தால் என்ன நிகழக்கூடும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தரலாம்.

ஒன்று ஒலியைப் பற்றியது. சொல்லுக்கட்டும் பீட்பாக்ஸும் வாயால் தாளம் உரைப்பனவே. ஆனால் 'தகதிமி' என்பது உயிரும் மெய்யும் கூடிய அசைகளால் ஆனது. ஒவ்வோர் அசையும் ஓர் அடிப்பைச் சுட்டும் குறியீடு. பீட்பாக்ஸ் உயிரொலியைப் பெரிதும் நீக்கி, அடைப்பொலியையும் உரசொலியையும் கருவியின் ஓசையாகவே மாற்ற முனைகிறது. முன்னது தாளத்தைப் பெயரிட்டு அழைக்கிறது. பின்னது தாளமாகவே ஒலிக்கிறது. தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட காந்த அதிர்வுப் படிம ஆய்வு, பீட்பாக்ஸ் கலைஞர் ஒருவர் தம் மொழிகளில் இல்லாத ஒலிப்புமுறைகளையும் ஆண்டதைக் காட்டியது. எழுத்துகளின் பிறப்பிடத்தையும் முயற்சியையும் மனப்பாடம் செய்யும் மாணவர்க்கு, பழகுநர் ஒருவர் இதழும் பல்லும் அண்ணமும் செய்யும் தொழிலை நேரில் காட்டினால் பிறப்பியல் செய்திகள் உயிர்பெறும். அதற்குப் பிறப்பியல் அறிந்த ஆசிரியர் உடனிருத்தல் வேண்டும்.

மற்றொன்று தொடை பற்றியது. ராப் பாடல் அடியிறுதி ஒன்றுவதை உயிராகக் கொண்டது. தமிழ் யாப்பில் இதனை இயைபு என்பர். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் தொடரின் இறுதியில் நிற்கும். -ஏன், -ஆன், -ஓம் என்னும் விகுதிகள் இயைபைத் தாமே தந்துவிடும். எனவே தமிழில் இயைபு எளிது. எளிதாதலின் விரைவில் சலிப்பூட்டும். தமிழ் யாப்பு இரண்டாம் எழுத்தொன்றும் எதுகைக்கும் முதலெழுத்தொன்றும் மோனைக்கும் தலைமை தந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அவை விகுதியில் அமையாமல், பொருள் தங்கும் சொல்லின் முற்பகுதியில் அமைகின்றன. ஆங்கில ராப் முறையை அப்படியே தமிழில் பெயர்த்துக் கற்பிக்கும் இளைஞர், சிறுவரை விகுதி இயைபோடு நிறுத்திவிடக் கூடும். அலகிடுதலை மட்டும் கற்பிக்கும் ஆசிரியரோ, எதுகை என்பது செவிக்கு உரியது என்பதை உணர்த்தாமலே பாடத்தை முடித்துவிடுவார். எதுகையை வாயால் சொல்லித் தாளத்தில் ஏற்றும் வகுப்புக்கு இவ்விருவரும் வேண்டும்.

இவ்விரண்டும் மொழிபெயர்ப்புப் பணிகளே. பழகுநர் தெருத்தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் இடையே, இந்தி, மராத்தி கலந்த பேச்சுக்கும் இலக்கணக் கலைச்சொல்லுக்கும் இடையே நிற்கிறார். சிறுவர் இப்போது 'ரைம்' என ஒன்றைத் தெருவிலும், 'தொடை' என ஒன்றை வகுப்பிலும் கற்றால், இரண்டும் தொடர்புடையன என்று சொல்வார் யாருமிலர். மேற்சுட்டிய முயற்சிகளின் அறிவிப்புகளும் அறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைவதால், வகுப்பில் எம்மொழி எவ்வாறு ஆளப்பட்டது என்னும் வினாவே அவற்றில் எழுவது அரிது. மொழியியலார்க்கு இது பெரும் இழப்பு. மகாராட்டிரத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 5 லட்சம் பேர் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தனர். அவர்தம் பிள்ளைகளிடையே உருவாகும் கலப்பு வழக்கைக் கேட்டறியக் கலைவகுப்பைவிடச் சிறந்த இடம் இல்லை.

ஊதியமும் மதிப்பும்

இனி, இத்தகைய பணிக்கு அமர்த்தப்படும் இளைஞரின் நிலை. இதில் தமிழகத்துப் பட்டறிவு எச்சரிக்கையாக அமைகிறது. 2012இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர் அமர்த்தப்பட்டனர். வாரத்தில் மூன்று அரைநாள் பணி. தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். ஊதியம் பின்னர் சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டது. பத்தாண்டு கடந்தும் பணிநிலைப்பு கேட்டுப் போராடும் நிலையே தொடர்ந்தது. அவர்கள் பழகுநரும் அல்லர். முழு ஆசிரியரும் அல்லர். தொடங்கும்போதே முடிவைத் திட்டமிடாத ஏற்பாடு, தொடர்புடைய அனைவரையும் இடைநிலையில் நிறுத்திவிடும்.

இதற்கு மாறான சான்று திண்டுக்கல்லில் உண்டு. அருட்சகோதரி சந்திரா 1990இல் நிறுவிய சக்தி கலைக்குழு, தலித் இளம்பெண்களைப் பறையாட்டத்தில் பயிற்றியது. கலைப்பயிற்சியோடு கல்வியும் கைத்தொழிலும் சேர்த்துத் தரப்பட்டமையே அதன் தனிச்சிறப்பு. இழிவின் அடையாளமாகக் கருதப்பட்ட கருவி, அவர்கள் கையில் தன்மதிப்பின் அடையாளமாயிற்று. பழகுநர் காலம் முடிந்தபின் அந்தப் பெண் எங்குச் செல்வாள் என்னும் வினாவுக்கு விடை முன்னரே சிந்திக்கப்பட்டிருந்தது.

மும்பையில் இதற்குச் சட்ட வாயில் உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2014இல் செய்யப்பட்ட திருத்தம், அரசுப் பட்டியலில் இல்லாத தொழில்களுக்கும் நிறுவனங்களே பழகுநர் பாடத்திட்டம் வகுக்க இடமளித்தது. 2016இல் தொடங்கிய தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்க வழிசெய்தது. 2019இல் திருத்தப்பட்ட விதிகள் கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்த அளவு உதவித்தொகையை வரையறுத்தன. இச்சட்டம் ஆலைகளையும் அலுவலகங்களையும் மனத்திற்கொண்டு எழுந்தது. கலைக்கூடத்தையும் வகுப்பறையையும் இணைத்து ஓர் ஒப்பந்தம் வரைவது எளிதன்று. எனினும் ஆர்வத்தை மட்டும் மூலதனமாகக் கொண்டு இளைஞரின் உழைப்பைப் பெறுவதைவிட அது நேர்மையானது. 'தொண்டர்' என்னும் பெயர் ஊதியம் தராமைக்கு மறைப்பாக வழங்கும்போது, அப்பெயரின் மதிப்பும் குறைந்துபோகிறது.

இத்திட்டத்தை மறுப்போர் கூறும் தடை ஒன்று உண்டு. பழகுநரை அமர்த்தினால் முழுநேரக் கலையாசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாமலே போகும் என்பர். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று, தமிழகத்துச் சான்று இதற்கு வலுச்சேர்க்கிறது. இதற்கு விடை நன்னூற் கணக்கிலேயே உள்ளது. ஆசான் இல்லாத பள்ளிக்குப் பழகுநரை அனுப்பலாகாது என்று விதித்துவிட்டால், பழகுநர் பணியே கலையாசிரியர் பணியிடத்தைக் காக்கும் அரணாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன சில. மாதுங்காவிலும் செம்பூரிலும் ஆசான் உண்டு. அவர்தம் கூடங்கள் தாராவிச் சிறுவர்க்கு அணுக்கமாக இல்லை. தாராவியில் பழகுநர் உண்டு. அவர்கள் பள்ளிக்கு வெளியே நிற்கின்றனர். பள்ளியில் தமிழாசிரியர் உண்டு; அவரிடம் கலைக்குரிய நேரமும் துணையும் இல்லை. இம்மூவரையும் ஒரு வகுப்பில் சேர்ப்பதே செய்யத்தக்கது. பழகுநர்க்குப் பெயரும் ஊதியமும் வேண்டும். அவர் பணிக்காலத்தில் தமிழ் இலக்கணத்தின் அடிப்படையையும் கற்றல் வேண்டும். வகுப்பில் எழும் சொற்களை, தெருவழக்கும் கலைச்சொல்லும் இணையாக அமையுமாறு, அவரே குறித்துவைத்தால் சில ஆண்டுகளில் மும்பைத் தமிழுக்கு ஒரு கலைச்சொல் தொகுதி கிட்டும். மொழி நிறுவனங்கள் இப்பணியில் பங்குகொள்ளுதல் தகும்.

இதற்குரிய காலம் மிகுதியாக இல்லை. தாராவி மறுசீரமைப்புக்கான ஒப்பந்தப்புள்ளி 2022 நவம்பரில் முடிவாயிற்று. குடியிருப்புகள் இடம்பெயரும்போது, தெருவில் மூத்தவன் இளையவனுக்குக் கற்பித்த உறவும் கலையும். பள்ளிக்கூடமும் தமிழ்வழிக் கல்வியை விடுத்து ஆங்கில வழியை நாடும் பெற்றோரால் சுருங்கிவருகிறது. இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் இளங்கலைஞரைப் பள்ளி இன்று தன்னுள் ஏற்றால் அவர் பழகுநர் ஆவார். ஏற்காவிடின் மராத்திச் சொல் குறிக்கும் உமேத்வாராகவே காத்திருப்பார்.